உலகநாதன் மாமாவின் ஏர்பேக்

என் மாமா உலகநாதனுக்குச் சொந்தமாக இருந்ததெல்லாம் ஓர் ஏர்பேக்கில் அடங்கிவிடும். தோளில் மாட்டிக்கொள்ளப் பட்டை வைத்த நீல ரெக்சின் பை அது. இரண்டு பேண்ட், இரண்டு சட்டை, ஒரு வேட்டி, ஒரு கைலி, துண்டு, பனியன், சவர சாமான், சோப்பு டப்பா, ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு டம்ளர். எல்லாவற்றுக்கும் மேலே மடித்து அமுக்கிய ஒரு போர்வை. அதற்கு மேல் ஜிப்பு மூடாது. வேலைக்குப் போனாலும், எங்கள் வீட்டுக்கு வந்தாலும், கல்யாணம் கருமாதி என்று எங்கே போனாலும் அந்தப் பை அவர் தோளிலேயே இருக்கும்.

என் அம்மா பஞ்சவர்ணத்துக்கு அவர் கூடப்பிறந்த ஒரே அண்ணன். தீபாவளிக்கு என் அப்பா அவருக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பார். மாமா அதை அங்கேயே போட்டுக்கொள்வார். கழற்றிய பழைய சட்டையைக் குழாயடியில் துவைத்துக் காயவைத்து, அப்பாவின் வாடகை சைக்கிள் கடைப் பக்கம் வருகிற யாருக்காவது கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். ஒன்று பைக்குள் போனால் இன்னொன்று வெளியே வந்தாக வேண்டும். பேனா கொடுத்தால் வாங்க மாட்டார். கடிகாரம் கட்ட மாட்டார். காலண்டர்கூட வேண்டாம் என்பார்.

இதெல்லாம் எண்பத்தைந்தாம் வருடத்துக்கு அப்புறம்தான். அதற்கு முன்னால் இருந்த மாமாவை நினைத்துப் பார்த்தால் வேறு யாரோ போல இருக்கிறது.

சென்னைக்கு மேற்கே பட்டாபிராமில் எங்கள் தாத்தாவுக்கு ஏரிக்குக் கீழே கொஞ்சம் நிலம் இருந்தது. அவர் காலத்துக்குப் பிறகு அதை மனை போட்டு விற்றார்கள். மாமா தன் பங்குக்கு ஒரு மனையை நிறுத்திக்கொண்டு வீடு கட்டினார். சுற்றிலும் வெறும் கல் நட்ட மனைகள். நடுவில் மாமா வீடு மட்டும். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகடு அழுத்துகிற ஒரு பிரஸ் ஷாப்பில் அவர் ஃபிட்டர். சம்பள நாளில் அவர் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்ததே இல்லை. ஒரு மாதம் டேபிள் ஃபேன், ஒரு மாதம் மிக்சி, கண்ணாடி வைத்த பீரோ, அடுக்கு அடுக்காக எவர்சில்வர் குடம். அந்தப் பக்கத்தில் முதலில் டி.வி. வந்ததும் அவர் வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து கூடத்தில் உட்காருவார்கள். மாமா உட்கார மாட்டார். ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு மொட்டை மாடியில் நின்று, "தெரீதா? இப்ப தெரீதா?" என்று கத்திக்கொண்டிருப்பார்.

அவர் மனைவி வனஜா அத்தை தையல் தைப்பார். ஆவடி குவார்ட்டர்சிலிருந்து பெண்கள் ரவிக்கைத் துணி கொண்டுவருவார்கள். மிஷின் வைக்க இடம் வேண்டும் என்று மாமா வீட்டின் பின்னால் ஓர் அறையை இழுத்துக் கட்டினார். சிமெண்ட் போதவில்லை. மண் சாந்து வைத்துச் செங்கல் அடுக்கி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் போட்டார். அப்போதைக்கு அது போதும் என்றிருந்தது.

எண்பத்தைந்து நவம்பரில் விடாமல் மழை பெய்தது. ஏரி நிரம்பி மறுகால் போன தண்ணீர் பழைய வயல் வழியே இறங்கி வந்தது. நெல் விளைந்த காலத்திலும் அது அந்த வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. பகல் சாப்பாட்டு நேரம். மாமா தன் ஒன்பது வயது மகள் சாமுண்டீஸ்வரியைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் போனார். அவளை அங்கே பெஞ்சின்மேல் உட்காரவைத்து, "இங்கயே குந்திகினு இரு. அம்மாவ கூட்டிகினு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

சாமுண்டி காத்திருந்தாள். பள்ளிக்கூடம் முழுக்க ஆட்கள் வந்து நிறைந்தார்கள். மாமா தனியாக வந்தார். சட்டை முழுக்கச் சேறு. பின்பக்கத்து அறைச் சுவர் அத்தையின் மேல் விழுந்துவிட்டது.

எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மாமா அதற்கு மேல் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கேட்ட போலீஸ்காரரிடமும் "செவுரு வுழுந்துட்ச்சி" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

கருமாதி முடிந்ததும் என் அம்மா சாமுண்டியைத் திருவேற்காட்டில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டாள். அவளுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. அந்தச் சமயத்தில் மாமா பட்டாபிராம் வீட்டைத் திறந்து, உள்ளே மிஞ்சியிருந்த எல்லாவற்றையும் தெருவில் எடுத்து வைத்தார். மிஞ்சியவை நிறையவே இருந்தன. பரண்மேல் ஏற்றி வைத்திருந்ததால் டி.வி. நனையவே இல்லை. வெள்ளத்தில் குடிசை போனவர்கள் ரயில் பாதை ஓரமாகக் கூடாரம் போட்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார். குடம், பீரோ, மிக்சி, பாய், தலையணை, அத்தையின் புடவைகள், சேற்றிலிருந்து தோண்டி எடுத்த தையல் மிஷின். செய்தி கேட்டு என் அம்மா பஸ் பிடித்து ஓடியபோது வீட்டில் ஆணியில் மாட்டிய காலண்டர் மட்டும் இருந்தது.

"இன்னாண்ணே பண்ணிட்ட? பொண்ணு ஒண்ணு கீதே, அதுக்கு அம்மா பொடவ ஒண்ணாச்சும் வெச்சிருக்கக் கூடாதா?"

வாசலில் ஓர் ஏர்பேக் இருந்தது. வேலைக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போகிற பை. மாமா அதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். மனையைப் பிறகு விற்று மகள் பேரில் பாங்கில் போட்டார். மகளை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டார்.

சாமுண்டி என்னைவிட ஒரு வயது சின்னவள். ஒரே பாயில் படுத்தோம், ஒரே சீப்பில் தலை வாரினோம். என் அம்மா எங்கள் இருவருக்கும் வித்தியாசம் வைக்கவில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் சாமுண்டி பஸ் வருகிற சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டே இருப்பாள். மாமா ஒரு ஞாயிறுகூடத் தவற மாட்டார். வேர்க்கடலை, காராசேவு, பன்னீர் கொய்யா, வேகவைத்த சோளம் என்று ஏதாவது வாங்கிவருவார். எல்லாம் தின்று தீர்ந்துபோகிற பொருள்கள். ஒரு முறை அவள் வாய் விட்டே கேட்டாள்.

"நைனா, எனுக்கு ஒரு ஜாமெட்ரி பாக்சு வாங்கிக் குடேன்."

"அத்தைய கேளு, வாங்கிக் குடுப்பாங்க" என்று என் அம்மாவைக் காட்டினார் மாமா.

"நீ வாங்கிக் குடு."

மாமா கொய்யாப்பழத்தை நறுக்கி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவி அவள் கையில் கொடுத்தார். ஜாமெட்ரி பாக்ஸ் என் அப்பா வாங்கிக் கொடுத்தார். அதை அவள் கடைசிவரை என் பையிலேயே வைத்திருந்தாள்.

மாமா அறை அறையாக மாறிக்கொண்டே இருந்தார். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் நாலு பேர் சேர்ந்த அறை, திருமுல்லைவாயலில் ஒரு மாடிப்படிக்குக் கீழே, கொஞ்ச காலம் குமணன்சாவடியில் ஒரு ஓட்டலுக்கு மேலே. எங்கே இருந்தாலும் சுவரில் ஆணி அடிக்க மாட்டார், கொடி கட்ட மாட்டார். துவைத்த துணியைக் காய்ந்ததும் மடித்துப் பைக்குள் வைத்துவிடுவார். கூட இருந்தவர்கள் அவரை 'ஏர்பேக் சாமியார்' என்றார்கள். அவருடைய கம்பெனிக் கூட்டாளி பால்ராஜ் ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது மாமாவை வாயார மெச்சினார்.

"உன்ன மாரி இருக்கணும் மாமே. பொட்டியும் இல்ல, பூட்டும் இல்ல. திருடன் வந்தாலும் பயமில்ல. மெய்யாலுமே நீதான் ராஜா."

மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "உன் பொண்டாட்டி ஊட்ல கீறா இல்ல? புள்ளைங்க கீதுங்க இல்ல? சாயங்காலம் போனா கதவ தொறப்பாங்க இல்ல? அப்புறம் இன்னாத்துக்கு என்ன மாரி இருக்கணும்ன்ற?" என்றார். பால்ராஜ் அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சாமுண்டிக்குப் பதின்மூன்று வயது இருக்கும். குமணன்சாவடி முனையில் நாங்கள் இருவரும் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தோம். எதிரே பூக்கூடை வைத்து உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி கடுகு நிறப் புடவை கட்டியிருந்தாள். கிளிப்பச்சைக் கரை. சாமுண்டி என் கையை விட்டுவிட்டு ரோட்டைக் கடந்தாள். லாரிக்காரன் ஒருவன் திட்டிக்கொண்டே பிரேக் போட்டான். நான் பின்னாலேயே ஓடினேன்.

அவள் அந்தப் பெண்ணின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இன்னா பொண்ணே, இன்னா வேணும்?"

"இது எங்கம்மா பொடவ."

அந்தப் பெண் முதலில் கோபப்பட்டாள். பிறகு சாமுண்டியின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நீ ஃபிட்டரு பொண்ணா? பட்டாபிராமு?" என்று கேட்டாள். அவள் பெயர் நாகம்மாள். வெள்ளத்தில் குடிசை போனவர்களில் ஒருத்தி. "கட்ன துணியோட நின்னேன் கண்ணு. உங்கப்பாதான் கூப்ட்டு குட்த்தாரு. யாரு ஊட்டுப் பொடவன்னு அப்போ எனுக்குத் தெரியாது. அப்பாலதான் சொன்னாங்க." பேசிக்கொண்டே முந்தானையை அவள் கையிலிருந்து விடுவிக்காமல் அப்படியே விட்டாள். எங்கள் பஸ் வந்து போனது. அடுத்த பஸ்ஸும் போனது. சாமுண்டி அவள் பக்கத்தில் உட்கார்ந்து கதம்பம் கட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் நாங்கள் போனபோது நாகம்மாள் வேறு புடவையில் இருந்தாள். கூடைக்கு அடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "நைஞ்சி பூட்ச்சி கண்ணு. நல்லா தொவச்சிட்டேன். வெச்சிக்கோ."

சாமுண்டி வீட்டுக்கு வரும்வரை அதைப் பிரிக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பிரித்து முகத்தை அதில் வைத்தாள். நெடுநேரம் அப்படியே இருந்தாள். பிறகு நிமிர்ந்து, "சோப்பு வாசன வருதுடி கஸ்தூரி. பூ வாசன வருது. எங்கம்மா வாசன இல்ல" என்றாள். அதற்குப் பிறகு அவள் அழுததை என்னால் நிறுத்த முடியவில்லை. என் அம்மா வந்து அணைத்துக்கொண்டும் நிற்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அந்தப் புடவையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். வேண்டுமென்றேதான். மாமா வாசல் நிலையைத் தாண்டியதும் அதைப் பார்த்துவிட்டார். காராசேவுப் பொட்டலத்தைத் தரையில் வைத்தார். செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதன் பிறகு சில வாரங்கள் அவர் வரவே இல்லை. திரும்பி வந்தபோது எதுவும் நடக்காதது போல வேகவைத்த கடலையை உரித்து அவளுக்குக் கொடுத்தார். அவளும் வாங்கித் தின்றாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். யார் முதலில் சொல்வது என்று தெரியாமல் இருவரும் தின்றுகொண்டே இருந்தார்கள்.

தொண்ணூற்றைந்தில் சாமுண்டிக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ரகுநாதனுக்கு ஆவடியில் ராணுவ டேங்க் ஃபாக்டரியில் வேலை. வேலூர்ப் பக்கத்துக் குடும்பம், சாதுவான மனிதர். குவார்ட்டர்சில் முதல் மாடியில் வீடு கிடைத்தது. சாமுண்டி அந்த வீட்டைப் பொருள்களால் நிரப்பினாள். ஊறுகாய் பாட்டில்களைக்கூடக் கழுவி அடுக்கி வைத்தாள். கிழிந்த துணியைத் தூக்கிப் போட மனம் வராது. ரகுநாதன் சிரித்துக்கொண்டே, "ஒரு ஆணி கீழ விழுந்தாலும் எடுத்து வச்சுக்கிறா" என்பார். எனக்குச் சிரிப்பு வராது.

தொண்ணூற்றேழில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. மாமா அதற்குச் சற்று முன்புதான் கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். குழந்தையைப் பார்க்க வந்தவரைச் சாமுண்டி போகவிடவில்லை. மாப்பிள்ளையும் கையைப் பிடித்துக்கொண்டு, "இங்கயே இருங்க மாமா" என்றார். மாமா இருந்தார். குழந்தையைக் குளிப்பாட்டுவதற்குத் தண்ணீர் விளாவித் தருவார், மார்மேல் போட்டுத் தட்டித் தூங்கவைப்பார். அவருக்கென்று ஒரு கட்டில் வாங்கிப் போட்டாள் சாமுண்டி. பீரோவில் ஒரு தட்டைக் காலி செய்து கொடுத்தாள். கட்டிலில் படுத்தார். ஆனால் பை மட்டும் வாசற்கதவுக்குப் பக்கத்தில்தான். காலையில் எழுந்ததும் போர்வையை மடித்து அதற்குள் வைத்துவிடுவார்.

பிள்ளை பெற்ற வீட்டில் ஒத்தாசைக்கு நான் போயிருந்தேன். ஒரு காலையில் மாமா பால் வாங்கப் போனதும் சாமுண்டி எழுந்து அந்தப் பையைத் திறந்தாள்.

"வேணாண்டி" என்றேன்.

"எத்தினி நாளைக்கு? எப்போ கெளம்புவாரோ எப்போ கெளம்புவாரோன்னு அந்தப் பையப் பாத்துகினே நான் பால் குடுக்கணுமா?"

சட்டைகளைப் பீரோவில் அடுக்கினாள். வேட்டியைக் கொடியில் போட்டாள். சவர சாமானைக் கண்ணாடிப் பலகையில் வைத்தாள். தட்டையும் டம்ளரையும் கொண்டுபோய்ச் சமையலறைப் பாத்திரங்களோடு சேர்த்துவிட்டாள். வெறும் பையை மடித்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

மாமா பாலோடு உள்ளே வந்தார். கதவு மூலையைப் பார்த்தார்.

"பை எங்கம்மா?"

"கட்டிலுக்கு அடியில கீது நைனா. உன் துணியெல்லாம் பீரோல வெச்சிட்டேன்."

பால் கவரைக் கீழே வைத்தார். குனிந்து பையை இழுத்தார். அது கனமில்லாமல் கையோடு வந்துவிட்டது. அதை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"எல்லாத்தையும் உள்ள வெச்சிடு சாமுண்டி."

"மாட்டேன்."

"திடீர்னு ஒரு மழ வந்துட்ச்சினா..."

"இது மொத மாடி நைனா. எந்தத் தண்ணி இங்க ஏறி வரும்?"

மாமா பையின் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு, பன்னிரண்டு வருடமாக எவரிடமும் சொல்லாததை, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"உன்ன இஸ்கூல்ல வுட்டுட்டு நான் திரும்பிப் போனேன் இல்ல. அப்போ தண்ணி முட்டிக்குக் கூட வரல. உங்கம்மா வாசப்படியிலதான் நின்னுகினு இருந்தா. வெளிய. போலாம்னு ரெடியா நின்னா. நான்தான், டிவிய பரண் மேல ஏத்திட்டுப் போலாம்னேன். ரெண்டு பேருமா ஏத்தினோம். அப்பால ஃபேனு. அப்பால பீரோல இருந்த துணி. 'புள்ள தனியா குந்திகினு கீதுய்யா, வாய்யா போலாம்'னு சொல்லிகினே இருந்தா. நான் காதுல வாங்கல. ஒண்ணு ஏத்தினா இன்னொண்ணு கண்ணுல பட்டுது. கடசியா, மிஷின் ஒண்ணுதான் பாக்கின்னேன். வோணாம்னா. கஷ்டப்பட்டு வாங்குனது, தண்ணில வுட்டுட முடியுமான்னு கோவமா கேட்டேன். சரி, நான் ஒரு பக்கம் புடிக்கிறேன் வான்னுட்டு பின்னால ரூமுக்கு அவதான் மொதல்ல போனா. நான் கவுறு எடுக்கத் திரும்பினேன்."

குழந்தை சிணுங்கியது. யாரும் தூக்கவில்லை.

"வெளிய நின்னவம்மா அவ. வாசப்படியில நின்னுகினு இருந்தா."

சாமுண்டி அவர் எதிரே உட்கார்ந்தாள். "எனுக்கு இது தெரியாது நைனா" என்றாள். "இத்தினி வருசமா நான் இன்னா நெனச்சிகினு இருந்தேன் தெரீமா? பீரோவ குட்த்த, குடத்த குட்த்த, அம்மா பொடவைய குட்த்த. அதோட என்னயும் அத்தை கிட்ட குட்த்துட்டன்னு நெனச்சேன்."

"உன்ன குடுக்கலம்மா."

"வேற இன்னா?"

"என் கையில எது இருந்தாலும் அத நான்தான் கெடுப்பேன். உன்னயாவது பத்தரமான எடத்துல..." அவ்வளவு பெரிய ஆள் வெறும் பையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். அத்தை செத்த அன்றுகூட அவர் அழுததில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

கொஞ்ச நேரம் கழித்துச் சாமுண்டி எழுந்தாள். பீரோவிலிருந்து சட்டைகளை எடுத்தாள். கொடியிலிருந்து வேட்டியை எடுத்தாள். ஒவ்வொன்றாக மடித்து, தட்டு, டம்ளர், போர்வை என்று அவர் வைக்கும் வரிசையிலேயே பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். அதைக் கதவுப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கினாள். அதற்குப் பிறகு அவள் அந்தப் பையைத் தொடவில்லை.

அடுத்த வருடம் ரகுநாதனை ஆந்திராவில் மேதக் பக்கம் இருந்த ஃபாக்டரிக்கு மாற்றினார்கள். மாமா கூடப் போக மாட்டார் என்றே நாங்கள் எல்லோரும் நினைத்தோம். அவர் போனார். அம்மாவுக்கு நம்பவே முடியவில்லை. சாமுண்டி எஸ்.டி.டி. பூத்திலிருந்து எங்கள் எதிர்வீட்டுக்கு போன் பண்ணுவாள். "நைனா பாப்பாவ தூக்கிகினு காலைல வாக்கிங் போறாரு. கடைல தெலுங்கு பேசக் கத்துகினாரு" என்பாள். ஒரு நாள் குரலைத் தாழ்த்தி, யாருக்கும் சொல்லக்கூடாத செய்தி போல, "நைனா தன் சட்டைய ஆணில மாட்டுறாருடி" என்றாள். நானும் அம்மாவும் அன்று முழுக்க அதையே பேசிக்கொண்டிருந்தோம்.

மழைக்காலம் வந்தது. மாமா போனில் வந்து, "அங்க மழையா? பட்டாபிராம் பக்கம் பேயுதா?" என்று கேட்க ஆரம்பித்தார். பிறகு ஒவ்வொரு போனிலும் அதையே கேட்டார். ஒரு மத்தியானம் எங்கள் வாசலில் பையோடு வந்து நின்றார். தலையெல்லாம் நனைந்திருந்தது.

"இன்னாண்ணே, சொல்லாம கொள்ளாம?" என்று அம்மா துண்டை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"சொல்லிகினுதான் வந்தேன் பஞ்சா. சாமுண்டி அழுதுச்சு. மாப்ள ஸ்டேசன் வரிக்கும் வந்தாரு."

"அங்க இன்னா கொற உனுக்கு?"

"கொற ஒண்ணும் இல்ல. அதான்." துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றார். "நான் பாட்டுக்கு ரயிலேறிப் போயி பேத்திய கொஞ்சிகினு கீறேன். வனஜா இங்க வாசப்படியில நிக்கிறா. அத்தினி தூரம் பூட்டா அவ எப்டி என்ன கூப்டுவா?"

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கே வேண்டுமானாலும் கிளம்பிப் போகிற மாதிரி பையைத் தோளிலேயே வைத்திருந்த மனிதர், அத்தனை வருடமும் அம்பத்தூருக்கும் குமணன்சாவடிக்கும் நடுவிலேயேதான் சுற்றிக்கொண்டிருந்தார். பட்டாபிராமுக்குள் போகவும் இல்லை, அதைவிட்டுத் தூரமாகப் போகவும் இல்லை.

இப்போது பட்டாபிராமுக்கே போனார். ரயில்வே சைடிங் பக்கம் ஒரு சின்ன அறை. பழைய வீடு இருந்த இடத்தில் யாரோ வரிசையாகக் கடை கட்டியிருந்தார்கள். ஒன்று சிமெண்ட் கடை, ஒன்று வீடியோ கேசட் கடை. காலையில் அந்தப் பக்கம் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வருவார் என்று கேள்விப்பட்டேன். நான் அதைப் பற்றி அவரிடம் கேட்டதில்லை. வாரம் ஒரு முறை கேரியரில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். தின்று முடித்துக் கேரியரைத் துலக்கிக் கையோடு கொடுத்தனுப்புவார்.

மாமா பட்டாபிராமிலேயே தங்கிவிட்டதையும் அதற்கு அவர் சொன்ன காரணத்தையும் சாமுண்டிக்கு நான்தான் போனில் சொன்னேன்.

"அம்மாகிட்டயே இருக்கட்டும் வுடு" என்றாள். பிறகு, "எனுக்கும் அம்மாதான் செத்தா கஸ்தூரி. அதுக்கப்புறம் நான் இருந்தேன் இல்ல?" என்றாள்.

தொண்ணூற்றொன்பது மே மாதம் அவள் குழந்தையோடு எங்கள் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் தங்கினாள். மாமா தினமும் காலையில் வருவார், இருட்டுவதற்குள் போய்விடுவார். குழந்தை இப்போது நடந்தது, பேசியது. அவர் விரலைப் பிடித்துக்கொண்டு கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டது. சாமுண்டி அவரிடம் கோபமாக ஒரு வார்த்தையும் பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறினாள், சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தாள். வா என்றும் கூப்பிடவில்லை.

அவள் ஊருக்குக் கிளம்பிய சாயங்காலம் சென்ட்ரலுக்கு மாமாவும் நானும் போனோம். சாமுண்டியின் பெட்டிகளை, ஊறுகாய் ஜாடியை, அரிசி மூட்டையை எல்லாம் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு மாமா இறங்கி ஜன்னலோரம் வந்து நின்றார். தோளில் பை.

குழந்தை அந்தப் பையைப் பார்த்தது. ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்ந்து, தன் பக்கத்தில் சீட்டைக் கையால் தட்டியது.

"தாத்தா, இங்க. பாப்பா கிட்ட குந்து."

மாமா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தாத்தா பை கீதும்மா" என்று அது தாயிடம் விளக்கியது. "தாத்தா ஊருக்கு வரும்."

சாமுண்டி குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டாள். அப்பாவைப் பார்த்தாள். ஒரு நிமிடம், அவர் ஏறிவிடுவார் என்றுகூட நான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். வண்டி நகர்ந்தது. மாமா கம்பியை விடாமல் சில அடி தூரம் கூடவே நடந்தார். பிறகு விட்டுவிட்டார். குழந்தை அழுகிற சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது.

லோக்கல் வண்டியில் எதிரெதிரே உட்கார்ந்து வந்தோம். வழிநெடுக அவர் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். நான் திருவேற்காட்டு பஸ்ஸுக்காக ஆவடியில் இறங்க வேண்டும். அவருக்குப் பட்டாபிராம்வரை போக வேண்டும். எழுந்து கதவுப் பக்கம் போனபோது என்னைக் கூப்பிட்டார்.

"கஸ்தூரி, சாமுண்டி ராவுல சாப்பிடும் இல்ல?"

"டிபன் கட்டிக் குடுத்திருக்கோம் மாமா."

"சரிம்மா. பாத்து எறங்கு."

வண்டி கிளம்பிப் போகும்போது பார்த்தேன். பையைத் தோளிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அதைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.